முதல் மொடல் காருக்குப் பெயின்ட் அடிப்பது: வாவிக் காற்றும் கச்சானும் வீசுகிற ஊருக்கு ஏற்ற முறை

மொடல் கார் ஒன்றை ஒட்டி முடிப்பது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. பெட்டிக்குள் வரும் தாளில் எண் போட்டுக் காட்டியிருப்பார்கள், பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டினால் கார் வந்துவிடும். ஆனால் பார்க்கிறவரின் கண் முதலில் போய் விழுவது பொடியின், அதாவது காரின் வெளிக்கூட்டின், பளபளப்பில்தான். இராணுவ டாங்கியோ விமானமோ என்றால் சேறு, புகை, துரு என்று பூசிப் பிழைகளை மறைக்கலாம், ஷோரூமில் இருந்து இறங்கியது மாதிரி நிற்கவேண்டிய காரில் அதற்கு இடமே கிடையாது. அதனால் உங்களிடம் இருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் பொடிக்கே கொடுங்கள் என்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது. இன்னொன்றும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில், மூடிய அறைக்குள் எடுத்தவை, அதில் சொல்கிற நேரக்கணக்கை எங்கள் கிழக்குக் கரையில், கார்த்திகை மாதத்துக் கல்லடியிலோ கல்முனையிலோ அப்படியே பின்பற்றினால் பொடி வெள்ளையாகப் பூத்துப்போகும். இங்கே முதலில் காற்றைப் பார்க்கவேண்டும், பிறகுதான் பெயின்ட் ஸ்ப்ரே கானைக் கையில் எடுக்கவேண்டும்.

எதை வாங்குவது

முதல் காருக்கு 1/24 அளவு, அதாவது நிஜக் காரின் நீளத்தில் 24இல் ஒரு பங்கு, போதும். நாலு மீற்றருக்குக் கொஞ்சம் கூடிய பழைய போக்ஸ்வகன் பீட்டில் இந்த அளவில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் வரும், கையில் பிடித்து வேலைசெய்ய அது நல்ல அளவு. எஞ்சின் இல்லாத, கதவு திறக்காத, முழுப் பொடிக்கும் ஒரே நிறம் போதுமான கிட்டாக (துண்டுகளாகப் பெட்டியில் வரும் தொகுதி) எடுங்கள். உருண்ட பொடியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கடைசியில் பொலிஷ் பண்ணும்போது கூரான விளிம்புகளில்தான் பெயின்ட் முதலில் தேய்ந்து பிளாஸ்டிக் தெரியும். டாமியா, ஹசெகாவா, ரெவெல் என்று பல கம்பனிகள் இருக்கின்றன, துண்டுகள் சரியாகப் பொருந்துவதில் டாமியாவை நம்பி எடுக்கலாம்.

மட்டக்களப்பு நகரத்துக் கடையில் கிட் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், கொழும்பில் இருந்தோ இணையத்திலோ எடுப்பிக்க வேண்டிவரும். கட்டாரிலோ லண்டனிலோ இருக்கிற மாமாவோ மச்சானோ வரும்போது கிட், மாஸ்கிங் டேப், மெல்லிய வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), தேய்த்து மினுக்குகிற பொலிஷ் கொம்பவுண்ட் எல்லாம் கொண்டுவரச் சொல்லலாம். ஸ்ப்ரே கானை மட்டும் கேட்காதீர்கள். தீப்பற்றக்கூடிய பெயின்ட் கானைப் பயணப் பொதியில் வைப்பதற்கு விமானத்தில் தடை, விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அது இலங்கைக்குள்ளேயே வாங்கவேண்டிய சாமான்.

கான் வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். டாமியாவில் டிஎஸ் என்று தொடங்குவது இந்தக் கிட் பிளாஸ்டிக்குக்கு, அதாவது பொலிஸ்டைரீனுக்கு. பிஎஸ் என்று தொடங்குவது ரிமோட் காரின் கண்ணாடி போன்ற பொலிகாபனேட் பொடிக்கு. ஒன்றின் இடத்தில் மற்றது வேலைசெய்யாது. ஒரு 1/24 பொடிக்கு 100 மில்லிலீற்றர் டிஎஸ் கான் ஒன்று தாராளம். அதோடு நிறத்துக்கு முன் அடிக்கிற பிரைமர் ஒன்று, நிறத்துக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத டிஎஸ்-13 கிளியர் ஒன்று.

டிஎஸ் கிடைக்கவில்லை, மோட்டார் ஸ்பெயார் கடையில் தொங்குகிற கார் ஸ்ப்ரேயை அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம், ஆனால் அதற்குள் இருக்கிற தின்னர் பல நேரம் கடுமையானது, வெறும் பொலிஸ்டைரீனைக் கடித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கிவிடும். முதலில் கிட்டின் துண்டுகளைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். பொடியில் அடிப்பதென்றால் மொடல் பிரைமர் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகு, மிக மெல்லிய பூச்சுகளாக அடிக்கவேண்டும். கார் ஸ்ப்ரேயில் உள்ள மெற்றாலிக் நிறங்களை நான் இதற்குச் சிபாரிசு செய்யமாட்டேன், அதன் மினுக்கத்தூள் நிஜக் காருக்கான பருமன், சின்னக் காரில் ஜிகினா தூவியது மாதிரித் தெரியும்.

பொடியைத் தயார் பண்ணுவது

அச்சில் இருந்து கழன்று வருவதற்காகத் தடவும் எண்ணெய்த்தன்மை பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் பிரஷ், இவ்வளவும் போதும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசி அலசலைக் குடிக்கிற தண்ணீரால் செய்யுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த துளி இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். இதற்குப் பிறகு பொடியின் வெளிப்பக்கத்தை வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்ல பழக்கம்.

பொடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கூரையின் ஓரத்திலும் மட்கார்ட் மேலேயும் மெல்லிய கோடு ஓடுவது தெரியும். அது அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டி, 600ஆம் எண், பிறகு 1000ஆம் எண் வோட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். இதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், பளபளப்பு ஏற ஏற அந்தக் கோடு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

கதவு, பொனட், டிக்கி ஆகியவற்றைச் சுற்றி இருக்கிற பள்ளக் கோடுகளைக் கத்தி முதுகால் மெதுவாக ஒருக்கா இழுத்து ஆழமாக்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் நிஜக் காருக்கு அடிக்கிற பெயின்ட் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீற்றர்தான், அதை 24ஆல் பிரித்துப் பாருங்கள். அவ்வளவு மெல்லியதாக நாம் எப்படியும் அடிக்கப்போவதில்லை, பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்றும் சேரும்போது ஆழமில்லாத கோடு மூடப்பட்டுவிடும். மூடிய பிறகு தோண்டப் போனால் பெயின்ட் செதில் செதிலாக உரியும்.

பிடித்து அடிக்க ஒரு தாங்கி வேண்டும். ஒரு சோடாப் போத்தலுக்குள் பாதிக்கு மணல் போட்டு, மூடியின் மேல் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, பொடியின் உட்கூரையை அதில் அழுத்தி வைத்தால் சாயாது, கழுத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பி அடிக்கலாம்.

காற்றும் ஈரமும்

எங்கள் கரையில் இந்த வேலைக்கு உயிர்நாடியான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிஎஸ் கானில் இருப்பது லாக்கர் பெயின்ட், அதில் உள்ள கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அந்த மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால், குளிர்ந்த அந்த மேற்பரப்பில் நீர் படிந்து காயாத பெயின்ட்டுக்குள் சிக்கிவிடும். கறுப்பில் அடித்தால் சாம்பல் பூத்தது போலவும், கிளியரில் பால் கலந்தது போலவும் தெரிவது இதனால்தான். புளியந்தீவைச் சுற்றி வாவி, கல்லடிக்கு ஒரு பக்கம் வாவி மறுபக்கம் கடல், அங்கிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று அக்கரைப்பற்று வரைக்கும் கரையோரம் முழுக்க இதே கதைதான். வாடைக் காற்றும் மழையும் இருக்கிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பளபளப்பான நிறமும் கிளியரும் அடிக்காமல் விடுங்கள். அந்த நாட்களில் சீட், டாஷ்போர்ட், சக்கரம் என்று பிரஷ்ஷால் செய்கிற வேலைகளைப் பார்க்கலாம். மற்ற மாதங்களிலும் விடியற்காலையில் ஈரம் கூடத்தான் இருக்கும், வெயில் ஏறி ஒன்பது, பத்து மணியாகும்போது இறங்கும். போனில் காலநிலை பார்க்கிற இடத்தில் ஈரப்பதன் போட்டிருப்பார்கள், 70க்குக் கீழே என்றால் தைரியமாக அடிக்கலாம், 80ஐத் தாண்டினால் கானை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

கச்சான் காற்று வீசுகிற காலம் வேறு மாதிரி. காற்று காய்ந்து, சூடாக, வேகமாக வரும். ஈரப் பிரச்சினை இல்லை, ஆனால் கானில் இருந்து கிளம்பிய துளி பொடியைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்து, மாவு ஒட்டியது மாதிரிச் சொரசொரப்பாகப் படியும். எங்கள் வளவெல்லாம் மணல், அந்தத் தூசும் சேர்ந்து வந்து ஒட்டும். கச்சான் நாட்களில் காற்று எழும்புவதற்கு முன்பு காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு மறைவான பக்கத்து விறாந்தையாகப் பாருங்கள், பொடிக்கும் கானுக்கும் இடையில் தூரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அம்பாறை நகரம், உகன பக்கம் கடலில் இருந்து தள்ளி இருப்பவர்களுக்கு ஈரத்தைவிட இந்தச் சூடுதான் தொல்லை தரும்.

அடிப்பதற்கு முன் நிலத்தில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசு எழும்பாது. கராஜில் கார் பெயின்ட் அடிப்பவர்களும் செய்கிற வேலைதான் இது. ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து அதற்குள் அடித்தால் போதும், ஆனால் பெட்டிக்குள்ளும் தண்ணீர் தெளித்து ஈரமாக்காதீர்கள். பின்னேரம் விளக்குப் போட்டுக்கொண்டு அடிக்கவே வேண்டாம், மழை பெய்து ஓய்ந்த நாளில் ஈசல் முழுவதும் உங்கள் பொனட்டில்தான் வந்து இறங்கும்.

மூச்சுக்குக் கவனம். துணி மாஸ்க்கும் பாமசியில் விற்கிற மாஸ்க்கும் பெயின்ட் தூளைக் கொஞ்சம் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரித்துகள் வடிகட்டி பூட்டிய, பெயின்டர்கள் போடுகிற மாஸ்க் ஒன்று வாங்குங்கள், இந்தப் பொழுதுபோக்கில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். குசினிப் பக்கம், அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. கானை வெயிலிலோ பூட்டிய வாகனத்துக்குள்ளோ விட்டுவிடாதீர்கள், 50 பாகைக்கு மேல் சூடானால் வெடிக்கலாம். குளிர்நாட்டுக்காரர் கானைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்குவதைப் பார்த்திருப்பீர்கள், எங்கள் வெயிலுக்கு அது தேவையே இல்லை.

அடிக்கிற முறை

முதலில் பழகுங்கள். தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கரண்டி, யோகட் கப் போன்றவற்றில் பல பொலிஸ்டைரீன், அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருக்கும். வளைவான கரண்டியில் பெயின்ட் எப்படி ஓடுகிறது, எங்கே வழிகிறது என்று கை பழகிய பிறகு பொடிக்கு வாருங்கள். நிறம் சரியா என்று பார்க்கவும் அதே கரண்டி உதவும்.

பிரைமர் நிறத்தையும் யோசித்து எடுக்கவேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளைப் பிரைமர், கடும் நிறங்களுக்குச் சாம்பல். கிட் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்து நீங்கள் வெள்ளை அடிக்கப் போனால், கீழே இருக்கிற சிவப்பு பிரைமரையும் ஊடுருவி மேலே வந்து வெள்ளையை ரோஸாக்கிவிடும். அப்படியான கிட்டுக்கு முதலில் ஒரு சில்வர் பூச்சுக் கொடுத்துத் தடுத்துவிட்டு, மேலே வெள்ளைப் பிரைமர் அடியுங்கள். பிரைமர் காய்ந்ததும் 1000 பேப்பரால் லேசாகத் தேய்த்தால் விட்டுப்போன கீறல், பள்ளம் எல்லாம் வெளியே தெரியும். அதைச் சரிசெய்ய இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

கானை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரம். பொடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் பொடியைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய்த்தான் விரலை எடுக்கவேண்டும். பொடிக்கு மேலே வைத்து அழுத்தத் தொடங்கினால் அந்த இடத்தில் துப்பி, வழியும். கண்ணாடிச் சட்டங்கள், மட்கார்ட் வளைவு, பம்பருக்குக் கீழே உள்ள மடிப்பு ஆகியவற்றை முதலில் அடித்துவிட்டுப் பிறகு கூரை, பொனட்டுக்கு வாருங்கள்.

முதல் பூச்சு வெறும் தூவல். கீழே பிரைமர் தெரியத்தான் செய்யும், தெரியட்டும், முழுவதையும் ஒரேயடியாக மூட ஆசைப்படாதீர்கள். பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது தூவல். இன்னும் பதினைந்து, இருபது நிமிடம் கழித்து, மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கிற அளவுக்கு ஒரு பூச்சு. ஈரமாக, ஆனால் வழியாத அந்த நிலைதான் இதில் கற்றுக்கொள்ளவேண்டிய கைப்பக்குவம், வெளிச்சம் பொடியில் பட்டுத் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டே அடித்தால் பிடிபடும். தேவைப்பட்டால் இன்னொன்று. முடிந்ததும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்துத் தூசு படாமல் பொடிக்கு மேலே கவிழ்த்துவிடுங்கள், காற்றுப் போய்வர அடியில் ஒரு குச்சி வையுங்கள். கானைத் தலைகீழாகப் பிடித்து நிறம் வராமல் வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் அடுத்த முறைக்கு வாய் அடைக்காது.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பவர்கள் விரல் அடையாளத்தைத்தான் பெறுவார்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மணந்து பாருங்கள். பெயின்ட் மணம் வந்தால் உள்ளே இன்னும் கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஈரத்தில் தொடுகிற அளவுக்கு ஒரு நாளில் காய்ந்தாலும், தேய்த்து பொலிஷ் பண்ணுகிற அளவுக்கு இறுக ஒரு கிழமை விடுவது பாதுகாப்பு.

ஒரு விதியை மறக்கவேண்டாம்: லாக்கர் எப்போதும் கீழே, எண்ணெய்ப் பெயின்டான எனாமலும் தண்ணீர் சேர்க்கக்கூடிய அக்ரிலிக்கும் மேலே. எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் சுருங்கித் தோல் மாதிரி எழும்பிவிடும்.

ஸ்டிக்கர், கிளியர், பொலிஷ்

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற டெக்கால் இருந்தால் கிளியருக்கு முன்பே ஒட்டி, அடியில் உள்ள தண்ணீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, இரண்டு நாளாவது காயவிடுங்கள். மேலே டிஎஸ்-13ஐ ஈரமாக அடித்தால் டெக்கால் கரைந்து சுருங்கும். முதல் இரண்டு மூன்று பூச்சும் வெறும் தூவலாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் ஈரப் பூச்சு. மெற்றாலிக் நிறம் என்றால் கிளியர் கட்டாயம், நிறத்தின் மேலேயே தேய்த்தால் மினுக்கத்தூள் கலைந்து திட்டுத்திட்டாகும்.

காய்ந்த பிறகு பார்த்தால் மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரிச் சின்னச் சின்ன மேடு பள்ளமாக இருக்கலாம். ஸ்ப்ரே கானில் இது சாதாரணம், கவலைப்பட வேண்டாம். 2000 வோட்டர் பேப்பரைச் சவர்க்காரம் போட்ட தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் பாரம் கொடுக்காமல் ஒரே திசையில் தேயுங்கள். பொடி மங்கிப்போகும், அது சரி. மேடுகள் எல்லாம் ஒரே மட்டமாக மங்கியதும் நிறுத்தி, 3000, பிறகு கொம்பவுண்ட். மாடல் கொம்பவுண்ட் கிடைக்காவிட்டால் கார் கழுவுகிற இடங்களில் கட் அன் பொலிஷுக்குப் பாவிக்கிற மெல்லிய கொம்பவுண்டை மென்மையான பருத்தித் துணியில் தொட்டுச் செய்யலாம். கதவு விளிம்பு, மட்கார்ட் முனை, கூரை ஓரம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேயுங்கள், கடைசியில் டேப்பைக் கழற்றி அந்த ஓரங்களுக்கு கொம்பவுண்ட் மட்டும் கொடுங்கள்.

சின்ன வேலைகள்

கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பருக்கு மினுக்கம் குறைந்த கறுப்பு, டாமியாவின் எக்ஸ்-18 பொருத்தமாக இருக்கும். மாஸ்கிங் டேப்பின் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தி இறுக்குங்கள். பெயின்ட் முழுவதும் காய்வதற்கு முன்பே டேப்பை மடித்து மெதுவாக உரித்தால் கோடு சுத்தமாக வரும். பின் விளக்குக்கு எக்ஸ்-27 கிளியர் சிவப்பு, சிக்னலுக்கு எக்ஸ்-26 கிளியர் ஒரேஞ்ச், அடியில் சில்வர் பூசிவிட்டு மேலே இதைப் பூசினால் உண்மையான விளக்கு மாதிரியே ஒளிரும். கதவு கோடுகளுக்குள் மெல்லிய எனாமல் நிறத்தை ஓடவிடுவார்கள். வெள்ளைக் காருக்குச் சாம்பல் நிறமே போதும், கறுப்பு விட்டால் கார்ட்டூன் மாதிரி ஆகும்.

கண்ணாடித் துண்டுகளை சுப்பர் குளூவால் ஒட்டவே கூடாது, அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். புத்தகக் கடையில் விற்கிற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். குரோம் பூசிய பம்பர், பக்கக் கண்ணாடி போன்றவற்றை ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிடுங்கள், பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்கவேண்டும்.

பிழைத்துப்போனால்

பூச்சிகள் விழுந்தால் ஈரத்தில் கை வைக்காதீர்கள். காயட்டும், பிறகு இடுக்கியால் எடுத்து 2000 பேப்பரால் தேய்த்து ஒரு தூவல் கொடுத்தால் அடையாளமே இராது. வழிந்ததற்கும் அதே வைத்தியம்தான், ஆனால் வழிந்த இடம் தடிப்பு என்பதால் காய அதிக நாள் எடுக்கும். ஈரத்தால் வெள்ளை பூத்தது என்றால் காய்ந்த நாளொன்று வரும்வரை பொறுத்திருந்து அதே பெயின்டை மெல்லிய ஈரப் பூச்சாக மேலே அடியுங்கள், புதிய கரைப்பான் பழைய பூச்சை இளக்கிச் சிக்கிய ஈரத்தை வெளியே விடும், பல நேரம் அப்படியே தெளிந்துவிடும்.

முழுக்கவே சரிவரவில்லை என்றால் ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் ஊறவைத்துப் பல் பிரஷ்ஷால் தேயுங்கள். அக்ரிலிக் லேசாகக் கழலும், லாக்கருக்கு ஒரு இரவாவது ஊறவேண்டிவரும், பிரைமர் கொஞ்சம் பிடிவாதமாக நிற்கும், நிற்கிறதை விட்டுவிட்டு மேலே தேய்த்து மட்டமாக்கினால் போதும். ஹாட்வெயார் கடைத் தின்னரிலோ பெற்றோலிலோ போடாதீர்கள், பெயின்ட்டோடு சேர்ந்து காரும் கரைந்துவிடும்.

முடித்த காரை யன்னல் வெயில் படாத இடத்தில், மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பக்கெற் இரண்டை அதற்குள் ஒரு மூலையில் போடுங்கள். ஒட்டாமல் மிச்சம் இருக்கிற டெக்கால் தாளையும் ஸிப் போட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு அதே மாதிரி வைத்தால் அடுத்த வாடைக் காலத்து ஈரம் படாது.